தாடையில் திருகு, ரத்தத்தில் சர்க்கரை

சர்க்கரை நோயாளிக்கு, விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் திருகிப் பதிக்கிற இம்பிளான்ட் வைக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் பல் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவரின் தாடையில் வைத்த இம்பிளான்ட், சர்க்கரை இல்லாதவருக்கு வைத்ததைப் போலவே பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. அதற்காக, "சுகரா? அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, நாளைக்கே வாங்க" என்று அழைக்கிற இடத்தை நம்பிப் போய்விடவும் வேண்டாம்.

பயப்படுகிறவர்களும் தவறான இடத்தில்தான் பயப்படுகிறார்கள். "புண் ஆறாதே" என்பதுதான் எல்லோருக்கும் கவலை. திருகு வைக்கிற அன்றும் அடுத்த பத்து நாளும் வீடே கண்ணும் கருத்துமாக இருக்கிறது. மாத்திரை தவறுவதில்லை, இனிப்பு வீட்டுக்குள் வருவதில்லை. காயமும் ஆறிவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் ஐந்தாறு ஆண்டுகளில் சர்க்கரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதற்கும் மேலே, பதினைந்து, இருபது ஆண்டு என்று போகும்போதுதான் சர்க்கரை உள்ளவர்களின் இம்பிளான்ட்டுகள் கூடுதலாகக் கழன்றுபோவது தெரிகிறது. அதாவது, எல்லோரும் அதை மறந்துவிட்ட பிறகு.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு கணக்கிட்டது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த ஆய்வு அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் அதிகம், அதனால் பல் விழுவதும் அதிகம். இம்பிளான்ட் தேவைப்படுகிறவர்களில் கணிசமானவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். சர்க்கரை என்றால் ஒதுக்கிவிடலாம் என்ற நிலை நடைமுறைக்கே ஒத்துவராது.

எலும்பு பிடிப்பது எப்படி

இம்பிளான்ட் என்று நாம் பேச்சில் சொல்வது மூன்று துண்டுகள் சேர்ந்தது. எலும்புக்குள் போகிற டைட்டானியம் திருகு ஒன்று. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன், 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை நீளம். அதன் தலையில் பூட்டுகிற சின்ன இணைப்புக்கு அபட்மென்ட் என்று பெயர். அதற்கு மேல் பல் வடிவில் உட்காருவது கேப்.

டைட்டானியத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும் என்பது தற்செயலாகக் கிடைத்த அறிவு. ஸ்வீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனிமார்க், எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்ப்பதற்காக 1952-ல் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தில் செய்த சிறு கருவியைப் பதித்தார். வேலை முடிந்து எடுக்கப் போனால், வரவில்லை. எலும்பு அதைச் சுற்றி இறுகியிருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானியம் திருகுகள் ஏறின. 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவர் வாயிலேயே இருந்தன.

இன்று நடக்கிற முறையும் அடிப்படையில் அதுதான். மரத்துப்போகிற ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, மெல்லிய ட்ரில்லில் ஆரம்பித்துப் படிப்படியாகத் தடித்த ட்ரில்லுக்குப் போய் எலும்பில் துளை போடுகிறார்கள். அந்த நேரம் முழுக்க உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிற உதவியாளர் குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். ஊசியைவிட அந்தத் தண்ணீர்தான் எரிச்சல் என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ட்ரில் சுற்றும்போது எலும்பு சூடாகும்; 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு சேதமாகிவிடும். செத்த எலும்பு எந்தத் திருகையும் பிடிக்காது. அதனால்தான் அத்தனை தண்ணீர்.

திருகு வைத்த அன்று அசையாமல் நிற்பது முறுக்கின் பலத்தில். அடுத்து வருகிற வாரங்களில் உடல் திருகைச் சுற்றியிருக்கும் பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டுகிறது. பழைய ஓட்டைப் பிரித்துப் புது ஓடு மேய்கிற வீட்டைப் போல, நடுவில் கொஞ்ச நாள் பலவீனமாக இருக்கும். அனேகமாக மூன்றாவது, நான்காவது வாரம். அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டால் பிடிப்பு ஏறத் தொடங்கும்.

சர்க்கரை முதலில் குறுக்கிடுவது இந்தக் கட்டத்தில். டெக்சாஸில் தாமஸ் ஓட்ஸ் குழுவினர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இம்பிளான்ட் வைத்து, அதன் பிடிப்பைக் கருவியால் தொடர்ந்து அளந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8-ஐத் தாண்டியவர்களுக்குப் பிடிப்பு கூடுதலாகத் தொய்ந்தது, பழைய நிலைக்குத் திரும்பவும் நாள் பிடித்தது. 2014-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அப்படிப்பட்டவர்களின் இம்பிளான்ட்டுகளும் கிட்டத்தட்ட எல்லாமே நின்றிருந்தன. நல்ல செய்திதான். ஆனால் அவை கீழ்த்தாடையின் முன்பகுதியில், வாயிலேயே கெட்டியான எலும்பு உள்ள இடத்தில், வைக்கப்பட்டவை. பாரம் ஏற்றாமல் சில மாதம் விட்டும் வைத்திருந்தார்கள். மேல்தாடையின் கடைவாய்ப் பக்கம் எலும்பு பஞ்சு போன்றது, அதற்கு மேலே சைனஸ் அறை வேறு. அந்த இடத்துக்கு இந்தத் தைரியத்தை அப்படியே கொண்டுபோக முடியாது.

"மூன்றே நாளில் நிரந்தரப் பற்கள்" என்று விளம்பரங்கள் வருகின்றன. எலும்பும் ஆரோக்கியமும் சரியாக இருப்பவர்களில் தேர்ந்தெடுத்துச் சிலருக்கு உடனே பல் கட்டுவது உண்டு, அது பொய்யில்லை. ஆனால் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த அவசரம் தேவையில்லாத வினை. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்று அந்தக் காலத்தில் விட்ட இடைவெளியை இவர்களுக்கு ஓரளவாவது கடைப்பிடிக்கிற மருத்துவரைத்தான் நான் தேடிப் போவேன்.

சர்க்கரை என்ன செய்கிறது

ரத்தத்தில் நெடுநாள் கூடுதலாக இருக்கிற குளுக்கோஸ், உடலின் புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எலும்புக்கும் ஈறுக்கும் நார் போல் இருக்கிற கொலாஜன் இதனால் விறைத்துப்போகிறது, புதிதாக உருவாவதும் குறைகிறது. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவர வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. மிகச் சிறிய ரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. எலும்பு கட்டுகிற செல்கள் சுணங்குகின்றன. வாயில் எச்சிலும் குறைகிறது. இதில் எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை, ஒரே நாளில் சரியாவதும் இல்லை. அதனால் முந்தின நாள் பார்த்த சர்க்கரை அளவு இங்கே அதிகம் பேசாது.

"ஃபாஸ்டிங் நூத்திப் பதினஞ்சுதான் டாக்டர். நேத்துதான் பாத்தேன்."

"சந்தோஷம் சார். மூணு மாச சராசரி எவ்வளவு?"

"அது பாத்து ஒரு வருஷம் இருக்கும்."

"அப்ப எவ்வளவு இருந்துது?"

"ஒம்போது புள்ளி ஏதோ..."

பல் மருத்துவமனைகளில் தினம் நடக்கிற பேச்சு இது. இரண்டு நாள் சோற்றைக் குறைத்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கிவிடும். எச்பிஏ1சி அப்படி இறங்காது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிற பரிசோதனை என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கதையைச் சொல்லிவிடும். 7 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 154, 8 என்றால் 183, 9 என்றால் 212.

எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் வைக்கலாம்? சட்டம் போல ஒரு கோடு கிடையாது. 7-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் தயங்க மாட்டார்கள். 7-க்கும் 8-க்கும் நடுவில் என்றால் மற்ற விஷயங்களையும் பார்த்துவிட்டுச் சம்மதிப்பார்கள். 8-ஐத் தாண்டினால் பலரும் "முதலில் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். வயதானவர்களுக்கு லோ சுகர் ஆபத்து இருப்பதால் அவர்களின் சர்க்கரை மருத்துவரே 7.5, 8 என்று இலக்கைத் தளர்த்தி வைத்திருப்பார். இம்பிளான்ட்டுக்காக அவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டிக்கொள்வது முட்டாள்தனம்.

இந்த எண்ணும் சில சமயம் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை எச்பிஏ1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய்களிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் குறைத்துக் காட்டலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. நம் ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை சகஜம் என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டரில் குறித்துவைத்த நோட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்தக் கசங்கின நோட்டு பெரிய உதவி.

பல் போன காரணம் போகவில்லை

திருகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கேட்க வேண்டியது, பல் எதனால் போனது என்பதை. கீழே விழுந்து உடைந்த பல் என்றால் வேறு. நடுத்தர வயதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல் ஆடி விழுந்தது என்றால், அது ஈறு நோய். பல்லை எடுத்துவிட்டதால் அந்த நோய் போய்விடவில்லை. மீதிப் பற்களின் இடுக்கில் அதே கிருமிகள் இருக்கின்றன. புதிதாக வருகிற திருகின் கழுத்தைச் சுற்றியும் அவை குடியேறும். ஆகவே முதலில் ஈறைச் சுத்தம் செய்து, ரத்தக் கசிவு நின்ற பிறகே இம்பிளான்ட்.

இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. ஈறு வீக்கமும் சர்க்கரையும் ஒன்றையொன்று தூண்டிவிடுபவை. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரன் தொகுப்பு சொல்கிறது. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தாலும் சில சமயம் அவ்வளவுதான் குறையும்.

புகையிலை போடுகிறவர், சிகரெட் பிடிக்கிறவர் என்றால் என் கருத்து கடுமையானது. சர்க்கரையும் புகையும் சேர்ந்த வாயில் அவ்வளவு பணத்தைப் போட வேண்டாம். விட்ட பிறகு போடலாம்.

மாத்திரைச் சீட்டு முழுவதையும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று வகை மருந்துகளைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை விழுங்குகிற அலென்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுகிற சொலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெனோசுமாப் ஆகியவை ஒரு வகை. இவற்றால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவது உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் தடுப்பவை இன்னொரு வகை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் பல்லுக்காகத் தானே அதை நிறுத்திக்கொண்டால், போவது பல்லாக இருக்காது. மூன்றாவது, பலர் சொல்ல மறப்பது: டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, உணவு இறங்காமல் கிடந்தால், ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் கூடி ஆபத்தாகலாம். பெரிய அறுவைக்கு முன் இவற்றைச் சில நாள் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஒரு பல் வைப்பதற்கு நிறுத்த வேண்டுமா என்பதைச் சர்க்கரை மருத்துவர் சொல்லட்டும்.

அன்றும் அதற்குப் பிறகும்

இம்பிளான்ட் வைக்கிற நாளுக்குக் காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் டிபன் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். "ஆபரேஷன் ஆச்சே" என்று பட்டினியாகப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நாற்காலியில் படுத்தால், பாதியில் வேர்த்து, கை நடுங்கும். அதைப் பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். அப்படி எதுவும் தோன்றினால் கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். உட்காருவதற்கு முன் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குகிற இடம் நல்ல இடம்.

வலி மாத்திரையில் ஒரு கவனம் வேண்டும். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை ஆகாது. கிரியாட்டினின் கூடியிருந்தால் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாராசிட்டமாலிலேயே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கிற அன்புத் தொல்லைதான் எனக்குப் பெரிய கவலை. கடிக்க முடியாதே என்று ஐஸ்கிரீம், ஆப்பிள் ஜூஸ், பால் விட்ட ராகிக் கூழ், குழைந்த கஞ்சி என்று வரிசையாக வரும். எல்லாமே மிருதுவானவை, எல்லாமே சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றுபவை. ஆறுவதற்காக உடல் போராடுகிற அதே வாரத்தில் சர்க்கரை 250-க்குப் போய் நிற்கும். முட்டைப் பொடிமாஸ், மசித்த பாசிப்பருப்பு, பன்னீர், ஆறின கோழி சூப், மோர், அளவாகத் தயிர் சாதம் என்று கொடுத்தால் மென்மையும் இருக்கும், புரதமும் கிடைக்கும். அந்த வாரம் வீட்டிலேயே தினமும் சர்க்கரை பார்ப்பது உத்தமம்.

தையல் பிரித்து, சில மாதம் காத்திருந்து, கேப் போட்டு, மட்டன் எலும்பையும் கடித்தாயிற்று. இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. சோற்றில் சின்னக் கல் பட்டாலும் சுரீர் என்று தெரிவது அதனால்தான். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. திருகு நேரே எலும்பில் நிற்கிறது. அதன் கழுத்தில் அழுக்குப் படிந்து, ஈறு வீங்கி, எலும்பு கழுத்திலிருந்து உள்ளே அரிபடத் தொடங்கினால் வலி பெரும்பாலும் வராது. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், லேசான கெட்ட வாசனை, அழுத்தினால் ஓரத்தில் துளி சீழ். இவ்வளவுதான் அறிகுறி. திருகு ஆடுகிறது என்று தெரியும்போது பிடித்துக்கொள்ள எலும்பே மிஞ்சியிருக்காது. பெரிஇம்பிளான்டைட்டிஸ் என்கிற இந்த அரிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. வந்த பிறகு சரிசெய்வது கடினம்.

வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். இரண்டு வேளை துலக்குவதோடு, கேப்புக்கு அடியில் நுழைகிற சின்ன இன்டர்டென்டல் பிரஷ்ஷால் தினம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். சரியான அளவு பிரஷ் எது என்று மருத்துவர் வாயில் விட்டுக் காட்டட்டும். கடையில் கண்ணால் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈறு நோய் இருந்தவர் என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கிற படத்தோடு ஒப்பிட்டால்தான் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு, பல் செட்டே போதாதா என்று கேட்கலாம். சிலருக்குப் போதும். கை நடுக்கத்தால் துலக்கவே முடியாதவர், எச்பிஏ1சி இரட்டை இலக்கத்தில் நிற்பவர், தொடர்ந்து வந்து காட்ட முடியாத தொலைவில் இருப்பவர் ஆகியோருக்குக் கழற்றி மாட்டும் பல்லே பாதுகாப்பு. ஒரே ஒரு பல்தான் விழுந்திருக்கிறது, அதன் இரண்டு பக்கத்துப் பல்லுக்கும் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலை என்றால் பிரிட்ஜ் போடுவதில் தவறில்லை. ஆனால் கடைவாய்ப் பல் இல்லாத சர்க்கரை நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று கொஞ்சம் கவனியுங்கள். சுண்டல், வேர்க்கடலை, கேரட், வெள்ளரி, கொய்யா என்று டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த பட்டியலில் பாதியை அவரால் மெல்ல முடியாது. குழைந்த சோறும் இட்லியும் பாலில் நனைத்த ரொட்டியும்தான் இறங்கும். பொருந்தாத பல் செட் ஈறில் உரசிப் புண்ணாக்கினால் அந்தப் புண்ணும் சீக்கிரம் ஆறாது. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு, முன்பக்கம் இரண்டே இம்பிளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பட்டன் போல் அழுத்தி மாட்டுகிற முறை உண்டு. முழு வாய்க்கும் ஆறு, எட்டு என்று திருகு போடுவதைவிடச் செலவு குறைவு. எடுத்துக் கழுவலாம் என்பதால் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுத்தம் செய்வதும் சுலபம். இதைப் பற்றிப் பல இடங்களில் தாங்களாகச் சொல்வதில்லை. கேட்டுப் பாருங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று, ஒரு சிறிய ஸ்டிக்கர். ஒவ்வொரு இம்பிளான்ட் டப்பாவிலும் தயாரித்த கம்பெனி, திருகின் அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். அதை ஒரு அட்டையில் ஒட்டி, தேதி எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி திருப்புளியும் இணைப்பும் வேறு. பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் அபட்மென்ட் திருகு தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அங்கிருக்கும் மருத்துவர் கையைப் பிசைய வேண்டியிருக்கும். அந்த அட்டையைச் சர்க்கரை ஃபைலிலேயே, எச்பிஏ1சி ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து வைத்துவிடுங்கள். இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.